எரிச்சல் நோட்டு

மாவு மாஸ்டருக்கு எரிச்சலே வராது. ரொட்டித் தொழிற்சாலையில் வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் தெரிந்த சேதி இது. கரண்டு போய்ப் பாதி பிசைந்த மாவு தொட்டியில் கிடந்தாலும் சரி, புது ஆள் உப்புப் போட வேண்டிய இடத்தில் சர்க்கரையைக் கொட்டினாலும் சரி, "விடு, பார்த்துக்கலாம்" என்பார். அதை மற்றவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவர் மனைவி மட்டும் அதையே வேறு மாதிரி சொல்வார். "எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கிறாரு பாருங்க. வீடே இடிஞ்சு விழுந்தாலும் செங்கல்லைத் தள்ளி வச்சுட்டுப் பேப்பர் படிப்பாரு."

அந்தத் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் உபயோகிப்பதில்லை. மாவு பிசைகிறவர் மாவு, அடுப்பில் நிற்கிறவர் அடுப்பு, கடிதம் எழுதுகிறவர் பேனா. ரொட்டியைத் துண்டு போடும் இயந்திரத்தில் இருக்கிற அம்மாவுக்குக் கத்தி என்று பெயர். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்கும் ஜீவன் அது. "கத்தி வந்தாச்சா?" என்று காலையில் யாராவது விசாரித்தால் புதிதாகச் சேர்ந்தவர்கள் மிரண்டு போவார்கள்.

மாவு மாஸ்டர் அங்கே இருபத்திரண்டு வருடமாக மாவுதான். பிசைவது இயந்திரம், நேரம் சொல்வது மணி. ஆனாலும் மாவு பதம் வந்துவிட்டதா என்று சொல்ல வேண்டியது அவர் விரல்தான். எலுமிச்சம்பழம் அளவு கிள்ளி எடுப்பார். இரண்டு கையாலும் மெல்ல மெல்ல இழுப்பார். மாவு சவ்வு மாதிரி விரிந்து, அதற்கு அந்தப் பக்கம் எரிகிற விளக்கு மங்கலாகத் தெரிய வேண்டும். கிழியாமல் தெரிந்தால் பதம். கிழிந்தால் இன்னும் நான்கு நிமிடம். ஐந்து மாதத்துக்கு முன்னால் முதலாளி அவரைக் காலை ஷிப்டுக்குத் தலைவராக்கினார். அப்போதும் மாவை மட்டும் அவர் யாரிடமும் விடவில்லை.

அந்த விரல்களுக்குத்தான் கேடு வந்தது. பதவி வந்து ஒரு மாதம் இருக்கும், விரல் இடுக்குகளில் கடுகு கடுகாகக் கொப்புளம் கிளம்பியது. பிறகு சிவந்தது, உரிந்தது, முட்டிகளில் வெடித்தது. சொறிந்தால் சுகம், சொறிந்து முடித்தால் நரகம். மனுஷன் வழக்கம்போல "விடு, பார்த்துக்கலாம்" என்று கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினார். ஒருநாள் சுகாதாரப் பரிசோதனைக்கு வந்த நர்ஸ், "பாக்கெட்டுல என்னங்க, புதையலா?" என்று கேட்டு வெளியே எடுக்க வைத்தார். அதோடு கதை அம்பலமானது.

கையில் புண் உள்ளவர்கள் மாவைத் தொடக்கூடாது என்பது விதி. விதியில் தப்பே இல்லை, நாம் தின்கிற ரொட்டி அது. ஆறு வாரத்துக்குள் கை ஆறிவிட்டது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் அதே பதவியோடு, அதே மரியாதையோடு, லோடிங் பகுதிக்குப் போய்விட வேண்டும். அங்கே வண்டியில் பெட்டி ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கலாம். மழைக்கு ஒதுங்கிய மாதிரி சொகுசான வேலை. மாஸ்டருக்கு மாவை விட்டுப் போக மனசில்லை. கையுறை போட்டுப் பார்த்தார். உள்ளே வியர்த்துப் புண் இன்னும் மோசமானது, விரல் நுனிக்கும் கண் அவிந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க, துணைக்கு இருந்த ஆள் மாவை இழுத்துக் காட்டி "சரியா இருக்கா மாஸ்டர்?" என்று கேட்பார். கண்ணால் பார்த்துச் சொல்வதற்குள் மாஸ்டருக்கு அழுகை வராத குறை.

தோல் டாக்டரின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவரில் தோலை வெட்டி அடுக்கடுக்காகக் காட்டுகிற படம். டாக்டர் முப்பத்தைந்து வயதுப் பெண், பேச்சில் பேருந்தைப் பிடிக்கிற அவசரம். பூதக்கண்ணாடி வைத்து விரல் இடுக்கெல்லாம் பார்த்தார்.

"எரிச்சல் அடிக்கடி வருமா?"

"எனக்கா? இல்லீங்க டாக்டர். யாரை வேணா கேட்டுப் பாருங்க."

"அதெல்லாம் இவருக்கு வராதுங்க," என்று மனைவியும் சாட்சி சொன்னார்.

"வராம இருக்காது. நீங்க கவனிக்காம விட்டிருப்பீங்க. ஒரு நோட்டு போடுங்க. எரிச்சல் வர்றப்பல்லாம் தேதி, நேரம், எதனால வந்துச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சு, எல்லாத்தையும் எழுதுங்க. தினம் காலைல கையை ஒரு போட்டோ எடுத்து வைங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க." களிம்பு, சோப்புக்குப் பதில் ஒரு திரவம், கை கழுவின உடனே தடவ ஒரு கிரீம் என்று மளமளவென்று எழுதிக் கொடுத்து, மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

டாக்டர் கேட்டது கை எரிவதைப் பற்றி. மாஸ்டர் காதில் விழுந்தது மனசு எரிவது. பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. உடம்புக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளாமல் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள் நாம். படியிறங்கும்போது மாஸ்டர், "கைக்கும் எரிச்சலுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார். "படிச்சவங்க கேக்குறாங்க, எழுதுங்க," என்றார் மனைவி. கீழே கடையிலேயே நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினார்கள்.

முதல் நான்கு நாள் எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி நோட்டைத் திறப்பார், மூடுவார். எரிச்சல் வராதா என்று ஒரு மனுஷன் காத்துக்கொண்டிருந்ததை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஐந்தாம் நாள் பேருந்தில் போகும்போது ஒன்று அகப்பட்டது. அதற்கப்புறம் அடைமழைதான்.

"சனி, காலை 5.40. பக்கத்து இருக்கைக்காரர் போனில் ஒரே பாட்டை நான்கு முறை கேட்டார். எரிச்சல், பத்து நிமிடம்."

"ஞாயிறு. மச்சான் வந்தான். எரிச்சல், அவன் போகும்வரை."

"திங்கள், மாலை. கண்ணாடியைக் காணோம் என்று மனைவி என்னைத் தேடச் சொன்னாள். அவள் தலைமேலேயே இருந்தது. எரிச்சல், இரண்டு நிமிடம். பிறகு சிரிப்பு."

"வியாழன். மனைவி பற்பசையை நடுவில் பிடித்து அமுக்குகிறாள். எரிச்சல், இருபத்து நான்கு வருடம்."

எழுத எழுத மனிதருக்கு ருசி கண்டுவிட்டது. யாராவது தும்மினால்கூட நேரம் குறித்துக்கொண்டார்.

தினமும் காலையில் கையைப் போட்டோ எடுப்பது மனைவியின் பொறுப்பு. பதினோராம் நாள், படத்துக்கு எண் போடலாம் என்று நோட்டைப் பிரித்தவர் அந்த வியாழக்கிழமையைப் படித்துவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இருபத்து நாலு வருஷமா?"

"டாக்டர்தான் எவ்வளவு நேரம்னு எழுதச் சொன்னாங்க," என்றார் மாஸ்டர், தப்பே செய்யாதவர் மாதிரி.

"எருமைன்னு நினைச்சு ஏமாந்துட்டேன். உள்ளுக்குள்ள இத்தனையா வச்சிருந்தீங்க?"

மனைவி அழவில்லை, கோபித்துக்கொண்டு படுக்கவும் இல்லை. பேனாவை எடுத்து எதிர்ப்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். "ஞாயிறு. என் தம்பி வந்தான். இவர் 'சௌக்கியமா' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். எனக்கு எரிச்சல், இன்னும் இருக்கிறது." அதற்குக் கீழே, "பற்பசையை நடுவில் அமுக்குவது நான். மூடியைத் திருகாமல் வைப்பது யார்?"

மாஸ்டர் மறுநாள் அதைப் படித்துவிட்டு, மச்சானுக்குப் போன் போட்டு ஐந்து நிமிடம் பேசினார். மச்சான் பயந்துபோய், "அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டானாம். அதன்பிறகு சாயங்காலத்தில் டீ குடித்துக்கொண்டே இடப்பக்கத்தை அவரும் வலப்பக்கத்தை இவருமாக உரக்கப் படித்துச் சிரிப்பது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. வீடு நன்றாகத்தான் இருந்தது. கைதான் ஆறவில்லை. ஒரு நாள் தணியும், மறுநாள் தீ வைத்த மாதிரி சிவந்து நிற்கும். ஆறு வாரத்தில் இரண்டு ஓடிவிட்டது.

டாக்டர் நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார். அடுத்த பக்கம். பற்பசையை எட்டியதும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"நான் கேட்டது கை எரிச்சலை."

மாஸ்டருக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. இரண்டு வாரம் வீண். லோடிங் வாசலில் நிற்கிற வண்டிகள் வரிசையாகக் கண்ணுக்குத் தெரிந்தன.

"போச்சு," என்றார்.

டாக்டர் நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் நிறுத்தினார். "போட்டோ எடுத்தீங்கல்ல? காட்டுங்க." மனைவியின் போனை வாங்கி நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் அவசரப்படாமல் இருந்தார்.

"மச்சான் வந்த மறுநாள் கை நல்லாத்தான் இருக்கு. பற்பசைக்கு மறுநாளும் பரவால்ல. புதன்கிழமை பாருங்க, சிவப்பு. சனிக்கிழமை, சிவப்பு. அடுத்த வாரமும் புதன், சனி. அதுக்கு முந்தின நாளு செவ்வாய், வெள்ளி. நோட்டுல அந்த நாலு பக்கமும் காலியா இருக்கு. அன்னைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லீங்க. அன்னைக்கு எரிச்சலே வரலை. எல்லாரும் ரொம்ப மரியாதையா நடந்துக்கிட்டாங்க."

டாக்டர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். "உங்க தொழிற்சாலை வாசல்ல காவல்காரர் இருப்பாருல்ல? தோலுக்குள்ளயும் அப்படிச் சில செல்லுங்க இருக்கு. வெளியில இருந்து கிருமி வந்தா விசில் அடிச்சு ஆளைக் கூப்பிடணும். கூப்பிட்டா ரத்தக் குழாய் விரியும், சண்டைக்கு ஆளுங்க வந்து குவிவாங்க. இடம் சிவக்கும், வீங்கும், அரிக்கும். அதைத்தான் அழற்சிங்கிறோம். இந்தக் காவல்காரங்க பக்கத்துலயே நரம்பும் ஓடுது. மனசு கலங்கிக் கெடந்தா நரம்பு இவங்களையும் உலுக்கி எழுப்பிடும். வாசல்ல திருடனே இல்ல. ஆனா விசில் சத்தம் மட்டும் நிக்காது."

"அடங்குடான்னு சொல்ல மேலாள் யாரும் இல்லையா?" என்று கேட்டார் மாஸ்டர். ஷிப்டுத் தலைவருக்கு இந்தச் சந்தேகம்தானே வரும்.

"இருக்கு. கார்ட்டிசால்னு ஒரு சுரப்பு. ஒரு நாள் ரெண்டு நாள்னா அது அதட்டினா கேப்பாங்க. மாசக்கணக்கா அதே அதட்டலைக் கேட்டுக் கேட்டு காது மரத்துப் போயிடும். அப்புறம் அவங்க இஷ்டம்தான்." டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். எல்லாம் உங்க மனசுதான்னு நான் சொல்லல. இருபத்திரண்டு வருஷமா மாவும் தண்ணியும் சோப்பும் உங்க தோலோட மேல் சுவரைத் தேய்ச்சிருக்கு. கவலை அந்தச் சுவரைச் சீக்கிரம் பூச விடாது. களிம்பை விட்டீங்கன்னா எந்தக் கவலை போயும் பிரயோஜனமில்ல. ஆனா செவ்வாயும் வெள்ளியும் என்னன்னு தெரிஞ்சாகணும்."

மாஸ்டர் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவிதான் சொன்னார், மெதுவாக. "அந்த ரெண்டும் அடுப்பு அண்ணன் இவரு ஷிப்டுக்கு வர்ற நாளு."

அடுப்பு யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். மாஸ்டர் வேலைக்குச் சேர்வதற்கு மூன்று மாதம் முன்னால் சேர்ந்தவர் அவர். இருபத்திரண்டு வருடம் இருவரும் ஒரே ஷிப்டு, ஒரே பேருந்து, மதியம் இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் ஒரே டப்பாவில் கொட்டிப் பிசைந்து சாப்பாடு. "டேய் மாவு" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். "என்னடா அடுப்பு" என்று இந்தப் பக்கத்திலிருந்து போகும். அடுப்புக்கு வாய் கொஞ்சம் நீளம். திட்டினால் ஆறு தெருவுக்குக் கேட்கும், அடுத்த நிமிடம் தோளில் கை போட்டிருப்பார். ஷிப்டுத் தலைவர் பதவி வருகிறது என்றபோது மூத்தவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள், மாஸ்டர் உட்பட.

முதலாளி ஒரு திங்கட்கிழமை மாஸ்டரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். வியாழக்கிழமை அறிவிப்பு ஒட்டினார்கள். நடுவில் இருந்த நாட்களில் மாஸ்டர் அடுப்போடு உட்கார்ந்து வழக்கம்போல ஒரே டப்பாவில் சாப்பிட்டார், வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். அதற்குள் பலகை சொல்லிவிட்டது.

அடுப்பு சண்டை போடவில்லை. சாயங்கால ஷிப்டு கேட்டு மாறிக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பெரிய ஆர்டர் இருப்பதால் காலையிலேயே வருவார். வந்தால், "வணக்கம் சார்." ரொட்டி வெந்தால், "ஆயிடுச்சுங்க சார்." கேட்டதற்குப் பதில், சொன்ன வேலை, குறை சொல்ல ஒரு குண்டூசி இடம் கிடையாது. அந்த 'சார்' ஒவ்வொன்றும் மாஸ்டருக்கு எங்கே போய் விழுந்தது என்று அவருக்கே தெரியாது. மரியாதை கொடுக்கிறவன்மேல் எப்படி எரிச்சல்படுவது? ஆகவே நோட்டில் எழுதவில்லை. எழுத வேண்டியதைக் கை எழுதிக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாஸ்டர் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அடுப்பின் வீட்டுக்குப் போனார். மூன்றாம் மாடி. அடுப்பு கூடத்தில் மேஜை விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார். உட்காருங்க சார்."

வீட்டில்கூட. மாஸ்டருக்கு விரல் இடுக்கில் சுரீர் என்றது. அடுப்பின் மனைவி தண்ணீரோடு வந்து, "வாங்கண்ணே, வழி மறந்து போச்சா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டார். வருகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்த வசனம் மாஸ்டருக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. நோட்டை எடுத்து நீட்டினார்.

"படி."

அடுப்பு படித்தார். மச்சானைப் படித்தபோது உதடு துடித்தது. பற்பசையைப் படித்தபோது சிரிப்பை அடக்க மூக்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு காலிப் பக்கத்தில் நின்றார், முன்னும் பின்னும் புரட்டினார். நாள் பார்ப்பது அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"நான் வர்ற நாளெல்லாம் காலியா இருக்குங்க."

"உன் மேல எனக்கு எரிச்சல் வரலை."

"அப்புறம்?"

"என்னன்னு எழுதத் தெரியலை." மாஸ்டர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "இதுதான் எழுதுது. நீ வந்துட்டுப் போன மறுநாள் காலைல எல்லாம்."

அடுப்பு கையைப் பார்த்தார். அது அவ்வளவு மோசம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. திருப்புளியைக் கீழே வைத்தார். "பேனா இருக்கா?" என்று கேட்டு வாங்கி, முதல் காலிப் பக்கத்தில் குனிந்து எழுதினார். எழுதி முடித்து மாஸ்டர் பக்கம் திருப்பி வைத்தார்.

"வியாழன், காலை 7.15. அறிவிப்புப் பலகை. இவனுக்குத் திங்கட்கிழமையே தெரியும். அன்றிலிருந்து என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எரிச்சல், ஐந்து மாதம்."

மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

"தப்பு என்னுதுதான். பயந்துட்டேன்."

"எதுக்கு?"

"நீ வருத்தப்படுவேன்னு."

"பட்டிருப்பேன். ரெண்டு நாள். அப்புறம் நாலு கெட்ட வார்த்தை திட்டிட்டுச் சாப்பாட்டைத் திறந்திருப்பேன்." அடுப்பு விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டே பேசினார், நிமிரவில்லை. "அதுக்கு நீங்க வழியே வைக்கலை. மேலதிகாரியை நான் எப்படித் திட்டுறது? பலகையில பார்த்துட்டு சார்னு கூப்பிடறதைத் தவிர எனக்கு என்ன பாக்கி இருந்துச்சு?"

மாஸ்டர் நோட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். மறுபடியும், "தப்பு என்னுதுதான்," என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. கிளம்பும்போது அடுப்பு வாசல்வரை வந்து, "போயிட்டு வாங்க சார்," என்றார். ஐந்து மாத 'சார்' ஒரே நாளில் நாக்கை விட்டு இறங்கிவிடுமா என்ன. ஆனால் அதில் கொஞ்சம் உப்புக் குறைந்திருந்த மாதிரி மாஸ்டருக்குப் பட்டது. பேருந்தில் வரும்போது பக்கத்தில் ஒருவர் போனில் சத்தமாகப் பாட்டுக் கேட்டார். மாஸ்டர் அதைக் கவனிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை "வணக்கம்" என்று மட்டும் வந்தது, பின்னால் ஒன்றும் ஒட்டாமல். புதன்கிழமை காலைப் படத்தில் கை சிவந்திருந்தது, ஆனால் முந்தின புதனைவிடக் குறைவு. மனைவி இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "களிம்பா, அண்ணனா?" என்றார். "ரெண்டும்," என்றார் மாஸ்டர்.

வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. மாவு பொங்குவதற்குத் தொட்டியை ஓரமாக வைத்திருந்தார்கள். மணி அடித்ததும் எடுக்கச் சொல்ல வேண்டியது மாஸ்டர். அவரோ அடுப்பு எப்போது உள்ளே வருவார், என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று கதவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். மணி அடித்தது காதில் ஏறவில்லை. மாவு விளிம்பைத் தாண்டி, தொட்டியின் மேல் சரிந்து, நிதானமாகத் தரைக்கு இறங்க ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் செய்யாத தப்பு.

"டேய் மாவு."

ஆறு தெருவுக்குக் கேட்கிற அந்தக் குரல்.

"அறிவு இருக்காடா உனக்கு? பொங்கித் தரையில ஊத்துது, நீ கதவைப் பார்த்துக்கிட்டுக் கனவு காணுற. நீயெல்லாம் ஒரு ஷிப்டுத் தலைவன்."

எல்லோரும் நின்றுவிட்டார்கள். கத்தி அம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு நாற்காலியைத் தேடினார். ஷிப்டுத் தலைவரைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால். மாஸ்டர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தார்கள். மாஸ்டருக்கு முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"இருக்குடா. கொஞ்சம் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே மாவை வழிக்கக் குனிந்தார்.

"தொடாத. அந்தக் கையை வச்சுக்கிட்டு. தள்ளு." அடுப்பு அவரை இடுப்பால் ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டு, தரையில் மண்டிபோட்டு, தானே வழித்தார். வழிக்கிறவரை திட்டிக்கொண்டே இருந்தார். ஐந்து மாதத்துத் திட்டு சேர்ந்துபோயிருந்தது. மாஸ்டர் பக்கத்திலேயே நின்று ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டார். அன்று மதியம் இரண்டு சாப்பாடும் ஒரே டப்பாவுக்குள் போயின.

அன்று சாயங்காலம் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் முதல் முறையாக எழுத்து விழுந்தது. "காலை 9.20. அடுப்பு எல்லார் முன்னாலும் 'அறிவு இருக்காடா' என்று கேட்டான்." எரிச்சல் என்று எழுதப்போய் மாஸ்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் பொய் சொல்லக்கூடாது. கடைசியில், "நன்றாக இருந்தது, நாள் முழுக்க," என்று எழுதினார். எதிர்ப்பக்கத்தில் மனைவி, "எனக்கும்," என்று எழுதிவிட்டு, பற்பசை மூடியைப் பற்றி இன்னொரு வரியும் சேர்த்தார்.

ஆறாவது வாரம் டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இடுக்குகளில் இளம் ரோஜா நிறத்தில் புதுத் தோல். முட்டியில் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு.

"எரிச்சல்?"

"எதைக் கேக்குறீங்க டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். "ரெண்டையும்."

"கையில இல்லீங்க. மத்தது நிறைய இருக்கு. அவன் வர்றப்பல்லாம் ஏதாவது சொல்றான்."

"இருக்கட்டும், அது உடம்புக்கு நல்லது," என்று தாளை இழுத்து எழுதினார் டாக்டர். "திரும்ப வராதுன்னு நான் எழுதித் தரமாட்டேன். வந்தா வரும். கிரீமை விடக்கூடாது. கையைப் பாக்கெட்டுல ஒளிக்கக்கூடாது. முக்கியமா எதையும் சொல்லாம மூணு நாள் வச்சுக்கக் கூடாது." தாளைக் கொடுத்துவிட்டு நோட்டைத் தேடினார். அதைப் படிக்காமல் அனுப்ப மாட்டார் போலிருந்தது.

மறுநாள் செவ்வாய். மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டியிலிருந்து எலுமிச்சம்பழம் அளவு மாவைக் கிள்ளினார். ஆறு வாரம் ஆகியிருந்தது. அது விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் குளிர்ச்சியாக இருந்தபோது அவருக்குக் கண் கலங்கியது. யாரும் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டு மெல்ல இழுத்தார். மாவு விரிந்தது, விரிந்துகொண்டே போனது, அதற்கு அந்தப் பக்கம் விளக்கு தெரிந்தது. கிழியவில்லை.

"டேய் அடுப்பு, பதம் வந்தாச்சு. சூடு ஏத்து."

"ஏத்தியாச்சுங்க சார்."

மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அடுப்பு கரியேறிய முகத்தோடு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கமாட்டாமல் நின்றுகொண்டிருந்தார்.

"காட்டுடா கையை. சிவக்குதான்னு பாக்குறேன்."

மாஸ்டர் இரண்டு கையையும் நீட்டினார். மணிக்கட்டுவரை மாவு. ஒன்றும் தெரியவில்லை.